அறவியலின் முக்கியப் பிரிவுகள், கோட்பாடுகள் என்னென்ன?

எது சரி, எது தவறு என்று ஆராய்வது அறவியல்; அதில் மூன்று பிரிவுகள். பொய் சொல்லலாமா என்பது நெறிமுறை அறவியலின் கேள்வி. 'தவறு' என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, நாமாக வைத்துக்கொண்டதா என்பது மீஅறவியல். கருணைக்கொலை, விலங்குப் பரிசோதனை மாதிரி விஷயங்கள் பயன்பாட்டு அறவியல். சரி, சண்டையெல்லாம் முதலாவதில்தான்.

கொலைகாரன் ஒருவன் வந்து உங்கள் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-ல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எழுதினார், ஏனென்றால் அவருக்கு உண்மை பேசுவது விளைவைப் பார்த்துத் தளர்த்திக்கொள்ளும் கடமை அல்ல. இதில் எனக்கு அவரோடு உடன்பாடே கிடையாது. பெந்தாம், மில் போன்ற பயன்வாதிகள், அதாவது மொத்தத்தில் அதிக நன்மை தருவதே சரி என்பவர்கள், தயங்காமல் பொய் சொல்லி நண்பனைக் காப்பாற்றச் சொல்வார்கள். ஆனால் மொத்த நன்மை மட்டுமே கணக்கு என்றால், ஆரோக்கியமான ஒருவரைக் கொன்று அவர் உறுப்புகளால் ஐந்து நோயாளிகளைப் பிழைக்க வைக்கலாமே என்ற இடத்தில் அவர்கள் திணறுகிறார்கள், அங்கே மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற காண்டின் பேச்சுதான் நிற்கிறது.

அரிஸ்டாட்டில் கேள்வியையே மாற்றுகிறார்: எப்படிப்பட்ட மனிதராக இருப்பது? கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே இருக்கும் வீரம் பழகப் பழகத்தான் வரும் என்கிறார். புதிதாகப் படிப்பவர்கள் இவரிடமிருந்தே தொடங்குங்கள், அப்புறம் காண்ட்.