பிரைஸ் கேன்யன்: நவாஹோ பாதை இறக்கத்தில் அம்மாவுக்குக் கால் சறுக்குவது பற்றி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவில், நவாஹோ பாதையில் இறங்கும்போது அம்மாவுக்குக் கால் சறுக்குவது பற்றிக் கேட்டீர்கள். நவாஹோ வழியாக இறங்காதீர்கள். பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் உள்ள சன்ரைஸ் பாயின்ட்டில் தொடங்கி குயின்ஸ் கார்டன் பாதையில் இறங்கி, நவாஹோ வழியாக சன்செட் பாயின்ட்டுக்கு ஏறுங்கள். பூங்காவும் இந்தத் திசையைத்தான் பரிந்துரைக்கிறது. மொத்தம் 3 மைலுக்குச் சற்றுக் குறைவு. குயின்ஸ் கார்டனில் சரிவு குறைவு. நவாஹோவின் செங்குத்தான வளைவுகள் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் ஏறும்போது முட்டிக்கு அடி குறைவு.

சறுக்கலுக்கு அம்மாவின் வயதைக் குறை சொல்லாதீர்கள். பள்ளத்தாக்கில் தூண் தூணாக நிற்கும் பாறைகள் சுண்ணாம்புக்கல். வருஷத்தில் பாதி நாள் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து, உருகி, கல்லைப் பிளந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த பொடிக்கல் கெட்டியான பாதைமேல் கோலிக்குண்டு மாதிரி கிடக்கும். வழுவழுப்பான ஷூ அதன்மேல் நிற்காது.

இன்று ராத்திரியே ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் விரலுக்குத் தட்டுப்படவில்லையா, வேறு ஷூ வாங்குங்கள். ஊன்றுகோல் ஒரு ஜோடியும் எடுங்கள் (அம்மா வேண்டாம் என்பார், பாதி வழியில் அவரே கேட்பார்).

ஒன்று மட்டும்: மேல் விளிம்பே சுமார் 8,000 அடி உயரம். போய்ச் சேர்ந்த அன்றே இறங்க வேண்டாம். தலைவலி, தலைசுற்றல் இருந்தால் சன்ரைஸுக்கும் சன்செட்டுக்கும் நடுவே உள்ள அரை மைல் தார்ப்பாதையில் நடந்தால் போதும். தூண்கள் எல்லாம் அங்கிருந்தே தெரியும்.