பன்றி எருவை நிலத்தில் பரப்பினால் அதிலுள்ள நைதரசன் காற்றோடு போய்விடுமா? தடுக்க வழி உண்டா?

நீங்கள் எழுதியிருப்பதன்படி, சாம்பல்தீவுப் பக்கம் உங்களுக்கு ஒரு மேட்டுக்காணியும் தம்பலகாமத்தில் கொஞ்சம் வயலும் இருக்கின்றன. அருகிலுள்ள சிறு பன்றிப் பண்ணைக்காரர் கழிவைக் காசு வாங்காமல் தருகிறார். ஆனால் அதைப் பரப்பினால் நைதரசனில் பாதி காற்றோடு போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. இருந்தாலும், பாதி என்பது எதில் பாதி, அது எந்த நேரத்தில் போகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் அந்த இழப்பின் பெரும்பங்கை ஒரு மண்வெட்டியைக் கொண்டே தடுத்துவிடலாம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், இது எனக்குப் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் விடயமல்ல.

பன்றி தின்னும் தீனியிலுள்ள நைதரசனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதன் உடலில் தங்குகிறது. மீதி வெளியேறுகிறது, அதிலும் பாதிக்கு மேல் சிறுநீரில் யூரியாவாக வருகிறது. நாம் மூடையாக வாங்கும் யூரியாவும் இதே பொருள்தான். மலத்திலுள்ள நுண்ணுயிர்களிடம் யூரியேசு என்னும் நொதியம் இருப்பதால், கொட்டில் தரையில் இரண்டும் கலந்த சில மணி நேரத்திலேயே யூரியா உடையத் தொடங்கி, ஓரிரு நாளில் அமோனியமாகவும் காபனேற்றாகவும் மாறிவிடுகிறது. அத்துடன், மலமும் சிறுநீரும் கலந்த அந்தக் குழம்பும் காரத்தன்மை பெறுகிறது. அமோனியம் நீரில் கரைந்து கிடக்கும் அயன், அது பறக்காது. அமோனியா வாயு, அது பறக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைக் குழம்பின் பீ.எச். பெறுமானம் (அமிலத்தன்மையையோ காரத்தன்மையையோ காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியசில் பீ.எச். 7 ஆக இருந்தால் ஆயிரத்தில் ஏறத்தாழ 6 பங்குதான் அமோனியாவாக இருக்கும்; 8 ஆனால் 50 பங்குக்குச் சற்று மேல்; 9 ஆனால் 360 பங்கு. பன்றிக் குழம்பு வழக்கமாக 7க்கும் 8க்கும் இடையில் நிற்கும். வெப்பம் 35 பாகைக்கு ஏறினால் அந்த வாயுப் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். காற்று அந்த வாயுவை அள்ளிச் செல்லச் செல்ல, சமநிலையை நிரப்புவதற்காக மேலும் அமோனியம் அமோனியாவாக மாறிக்கொண்டே இருக்கும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். காரம் பட்டால் நீலமாகும் சிவப்புப் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) ஒன்றை நனைத்து, புதிதாகப் பரப்பிய எருவுக்கு ஒரு விரற்கடை உயரத்தில், எருவில் படாமல் பிடியுங்கள். தாளின் கீழ் ஓரத்திலிருந்து நீலம் மெல்ல மேலே ஏறும். அதே எருவை ஒரு சாண் ஆழச் சாலில் ஊற்றி மண்ணை இழுத்து மூடிய இடத்தில் இன்னொரு தாளைப் பிடித்தால், அது சிவப்பாகவே காய்ந்துவிடும். மாணவரைக் காணிக்கு அழைத்துச் செல்லும்போது நான் தவறாமல் செய்து காட்டுவது இதுதான்.

இனி, எதில் பாதி என்பதற்கு வருவோம். குழம்பாக இருக்கும் பன்றிக் கழிவின் மொத்த நைதரசனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அமோனிய வடிவில் இருக்கும். மீதி சேதனப் பொருளோடு பிணைந்திருப்பதால் மெதுவாகவே வெளிவரும். காற்றில் பறக்கக்கூடியது அந்த அமோனியப் பங்கு மட்டுமே. மேற்பரப்பில் வெறுமனே பரப்பிவிட்டால் அதில் 20 முதல் 60 சதவீதம் வரை போகலாம். அப்படிப் போவதில் ஏறத்தாழ பாதி, பரப்பிய 6 முதல் 12 மணி நேரத்துக்குள்ளேயே போய்விடும். ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று கொள்ளும் குழம்பில், கழுவு நீர் அதிகம் கலக்காவிட்டால், சுமார் 4 கிலோ நைதரசன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தாங்கி அளவு பரப்பினால் 40 கிலோ. அதில் அமோனியமாக 26 கிலோ. அதில் பாதி போனால் 13 கிலோ. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் இருப்பது 23 கிலோ நைதரசன். அதாவது, நண்பகலில் பரப்பிவிட்டு மறுநாள் உழலாம் என்று வீட்டுக்குப் போகும் ஒருவர், அரை மூடைக்கு மேற்பட்ட யூரியாவைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நம்முடைய இடத்தில் இதற்கு இன்னொரு பாரதூரமான காரணமும் உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை சிறுபோக காலத்தில் வெயில் 34, 35 பாகையைத் தொடுவதோடு, கச்சான் காற்று நிலத்தை வறட்டி எடுக்கிறது. சூடு, வறண்ட காற்று, ஈரமான எருவின் திறந்த மேற்பரப்பு ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் அமோனியா வெளியேற அதைவிட வசதியான நிலைமை வேறு இல்லை. ஐரோப்பாவின் குளிர் நிலங்களில் அளக்கப்பட்ட இழப்பு விகிதங்களைப் படித்துவிட்டு நமக்கும் அவ்வளவுதான் என்று நினைப்பது ஆபத்து; நம்மவர்கள் அந்த அளவுகளின் மேல் எல்லையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தடுக்கும் வழிகளில் முதன்மையானது மூடுவது. பரப்பிய உடனேயே கலப்பையால் மண்ணைப் புரட்டி மூடினால் அமோனியா இழப்பு ஏறத்தாழ 90 சதவீதம் குறையும். நான்கு மணி நேரம் தாமதித்தால் குறைப்பு பாதியளவுக்கு இறங்கிவிடும். ஒரு நாள் தாமதித்தால் 30 சதவீதம்தான் மிஞ்சும். நெதர்லாந்தில் 1990களிலிருந்தே குழம்பு எருவை மண்ணுக்குள் செலுத்துவதையோ மண்ணோடு ஒட்டி வரியாக இடுவதையோ சட்டம் கட்டாயமாக்கியது. டென்மார்க்கில் சல்பூரிக்கமிலம் சேர்த்துக் குழம்பின் பீ.எச். பெறுமானத்தை 6 அளவுக்கு இறக்கும் முறையும் பண்ணைகளில் நடைமுறையில் இருக்கிறது. அமிலத்தைக் கையாளும் பாதுகாப்பு வசதி இல்லாத நம் இடத்தில் அதை ஒருவரும் முயல வேண்டாம். நம் கையிலிருக்கும் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரமும் மண்வெட்டியும் போதும். பொழுது சாயும் நேரத்தில், காற்று அடங்கிய பின், முதலில் சால்களை வெட்டிவைத்துக்கொண்டு, ஒருவர் ஊற்ற மற்றவர் பின்னாலேயே மண்ணை இழுத்து மூட வேண்டும். காணி முழுவதும் பரப்பி முடித்த பின் மூடுவது என்று வைத்துக்கொண்டால் முதலில் ஊற்றிய வரியின் சத்து அதற்குள் போய்விடும். குழம்புக்குச் சம அளவு தண்ணீர் கலப்பதும் உதவும், ஏனெனில் நீர்த்த குழம்பு மேலே கட்டியாக நிற்காமல் விரைவில் மண்ணுக்குள் இறங்குகிறது.

தம்பலகாமத்து வயலைப் பொறுத்தவரை கதை வேறு. நிற்கும் தண்ணீரில் எருவை ஊற்றுவது பலருக்கும் இலகுவாகத் தெரியும், ஆனால் அதுதான் மிகக் கெட்ட முறை. வயல் நீரில் வளரும் அல்காக்கள் பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால், காலையில் நடுநிலைக்கு அருகிலிருந்த நீரின் பீ.எச். பெறுமானம் நண்பகலில் 9க்கு மேல் ஏறிவிடக்கூடும். மேலே சொன்ன கணக்கில் 9 என்ற எண்ணுக்கு நேரே என்ன இருந்தது என்று திரும்பிப் பாருங்கள். தண்ணீரில் எறியும் யூரியாவுக்கும் இதே கதிதான். ஆகவே நீரை வடித்து, சேறாக இருக்கும் நிலத்தில் எருவை இட்டு, உடனே உழுது மிதித்துச் சேற்றுக்குள் சேர்த்த பின் தண்ணீர் கட்ட வேண்டும்.

அமோனியாவைத் தவிர இன்னொரு வழியாலும் நைதரசன் காற்றில் போகிறது. ஓகஸ்ட், செப்டெம்பரில் காய்ந்த நிலத்தில் எருவை இட்டுவிட்டுப் பெரும்போகத்துக்குக் காத்திருந்தால், ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றிவிடும். ஒக்டோபரில் பெருமழை கொட்டி நிலம் நீரில் மூழ்கியதும், ஒட்சிசன் கிடைக்காத வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றைத் தாக்கி நைதரசன் வாயுவாகவும் ஒரு சிறு பங்கை நைதரசு ஒட்சைட்டாகவும் வெளியேற்றும். நைதரசன் வாயுவால் கெடுதி இல்லை, நமக்குத்தான் நட்டம். நைதரசு ஒட்சைட்டு அப்படியல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு, 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. இட்ட நைதரசனில் சுமார் 1 சதவீதம் இவ்வாறு போகும் என்பதே 2006இல் காலநிலை மாற்றம் தொடர்பான சர்வதேச அரசுகளுக்கிடையிலான குழு வகுத்த பொதுக் கணக்கு.

எருவை மண்ணுக்குள் மூடினால் அமோனியா குறையும், ஆனால் நைதரசு ஒட்சைட்டு சற்றுக் கூடலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் காரணம் காட்டி மூடாமல் விடலாமா என்று என்னிடம் கேட்டால், கூடாது என்பேன். ஒரு பக்கம் பத்துக் கணக்கான சதவீதமும் மறுபக்கம் ஓரிரு சதவீதமும் நிற்கின்றன. அதோடு, பறந்துபோன அமோனியாவும் வேறெங்கோ மண்ணிலும் நீரிலும் இறங்கி, அங்கும் ஒரு பங்கை நைதரசு ஒட்சைட்டாக்குகிறது. சரியான மருந்து, மூடுவதும் அளவைக் குறைப்பதும் ஆகும். பயிர் எடுப்பதற்கு மேல் மண்ணில் எஞ்சும் நைதரசன்தான் பற்றீரியாக்களுக்குத் தீனி.

எரு உடனே தேவைப்படாமல் குவித்து வைப்பதானால், தயவுசெய்து சாம்பலோ சுண்ணாம்போ தூவாதீர்கள். ஈயும் நாற்றமும் குறையும் என்று நம்பிப் பலர் செய்வது இது. சாம்பல் கடும் காரம். அது பட்டவுடன் அமோனியா கண்ணை எரிக்கும் அளவுக்குக் கிளம்பும். அதற்குப் பதிலாக வைக்கோலை அடுக்கடுக்காகச் சேருங்கள். பன்றிக் கழிவில் காபன் குறைவு, வைக்கோலில் அது மிகுதி. நுண்ணுயிர்கள் அந்தக் காபனைத் தின்று வளரும்போது அமோனியத்தைத் தம் உடலுக்குள் கட்டிக்கொள்ளும். வயலில் கொளுத்தப்படும் வைக்கோலுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. உமிக்கரி கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். மேலே கிடுகாலோ பொலித்தீனாலோ மூடுங்கள்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அது விலக்கப்படும் வரையான மாதங்களில் எரு என்றாலே எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்ற மனநிலை நம்மிடையே வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. சாம்பல்தீவு போன்ற கடற்கரை மணல் நிலம் அமோனியத்தைப் பிடித்துவைக்கும் வலுக் குறைந்தது. காற்றிலிருந்து காப்பாற்றிய நைதரசனை அளவுக்கு மீறி அங்கே புதைத்தால், மழையோடு அது நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலும் கற்பிட்டியிலும் கிணற்று நீரில் நைத்திரேற்றுக் கூடியது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். அயலவர்களையும் நினைவில் வையுங்கள். ஒரே வாய்க்காலில் பல சமூகத்தவர் தண்ணீர் எடுக்கும் மாவட்டம் இது. பன்றிக் கழிவை விலக்காகக் கருதுவோர் அருகில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, வாய்க்காலிலிருந்து நன்கு தள்ளியே இடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஏக்கருக்கு நான் மேலே சொன்ன பத்துத் தாங்கியைத் தாண்ட வேண்டாம். உடனே மூடி இட்டிருந்தால், அந்தப் போகத்துக்கு வழக்கமாக இடும் யூரியாவில் ஏக்கருக்கு ஒரு மூடையைக் கழித்துவிடுங்கள். மிகுதியை ஒரேயடியாக எறியாமல், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலைநிற அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) ஒன்றைக் கேட்டு வாங்கி, பயிரின் நிறம் வெளுத்தால் மட்டும் இடுங்கள்.