4 ஜிபி லப்டொப்பில அப் செய்ய முதல் மொழி எது?

தம்பி, 4 ஜிபி ரேம் லப்டொப், கிளிநொச்சியில அப்பாவின்ர கடைக்கு நெல்லு வாங்குற கணக்கைப் போனில பதிய ஒரு அப், கொட்லினா பைத்தனா எண்டு கேட்டிருக்கிறியள்.

ரெண்டும் இப்ப வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் எடுங்கோ. கொட்லின் நல்ல மொழிதான். 2019இல இருந்து கூகிளே அன்ட்ராய்டுக்கு அதைத்தான் முன்னுக்கு வைக்குது. ஆனால் அதில அப் செய்யிற மென்பொருள் அன்ட்ராய்ட் ஸ்டூடியோ குறைஞ்சது 8 ஜிபி ரேம் கேக்கும். உங்கட மெஷினில கிரேடில் (அதுக்குள்ள அப்பைக் கட்டுற கருவி) ஓடத் தொடங்கினால் மவுசும் அசையாது. பைத்தன் படிக்க லேசு, போன் அப்புக்குச் சுத்து வழி.

ஜாவாஸ்கிரிப்டில செய்தால் போன் குரோமிலயே ஓடுற வெப் அப் ஆக வரும். எழுத விஎஸ் கோட் எண்ட எடிட்டர், ஓட்டிப் பாக்க குரோம் போதும். முதல் திரையில மூட்டை நிறைக்கு ரெண்டு பெட்டி வையுங்கோ. இங்கதான் எல்லாரும் வழுக்கிறது: பெட்டியில இருந்து வாறது இலக்கம் இல்லை, எழுத்து. 65ஓட 70ஐக் கூட்டினால் 135 வராது, 6570 வரும். கூட்டமுதல் நம்பர் ஃபங்ஷனுக்குள்ள போட்டு மாத்துங்கோ. ஒரு பெட்டியை மட்டும் விலையால பெருக்கேக்க சரியா வாறதால பிழை கனநாள் கண்ணில படாது.

கணக்கை இன்டெக்ஸ்ட் டிபியில (குரோமுக்குள்ளயே இருக்கிற சேமிப்பு இடம்) சேமியுங்கோ. சேர்விஸ் வேர்க்கர் (அப்பின்ர ஃபைல்களைப் போனில வச்சுத் தாற சின்ன ஸ்கிரிப்ட்) போட்டால் சிக்னல் இல்லாட்டியும் அப் திறக்கும். ஆனால் ஃபைலை டபிள் கிளிக் பண்ணித் திறந்தால் சேர்விஸ் வேர்க்கர் ஓடாது, எச்டிடிபிஎஸ் முகவரி அல்லது லோக்கல்ஹோஸ்ட் (உங்கட மெஷினிலயே ஓடுற சேர்வர்) வேணும். குரோம் டேட்டாவை ஆரும் அழிச்சால் கணக்கும் போயிடும். கிழமைக்கொருக்கா சீஎஸ்வியா (எக்செலில திறக்கக்கூடிய ஃபைல்) இறக்க ஒரு பட்டனும் வையுங்கோ.