ஆயில்யம் மூன்றாம் பாதத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வசிக்கிறேன். சென்ற மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முதல் குழந்தை. ஆயில்ய நட்சத்திரம், மூன்றாம் பாதம். காலஞ்சென்ற என் அப்பத்தாவின் பெயரான மீனாட்சியையே வைப்பதென்று நானும் என் மனைவியும் முன்பே பேசி முடித்திருந்தோம். ஆனால் ஜாதகம் கணித்தவர் 'டே' என்ற எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் அம்மாவுக்கு உறக்கமில்லை. "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊர் சொல்லும், பெயரையாவது முறைப்படி வைத்தால் தோஷம் குறையாதா?" என்கிறார். தேடிப் பார்த்தால் 'டே'யில் வாயில் நுழையாத பெயர்களே கிடைக்கின்றன. அதற்குப் பதிலாகத் 'தே' வைத்துத் தேவகி, தேன்மொழி என்று அழைக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். வேறொரு பஞ்சாங்கம் பார்த்தவரோ இது இரண்டாம் பாதம், எழுத்து 'டு' என்கிறார். அம்மாவை வருத்தவும் மனமில்லை, அப்பத்தாவின் பெயரை விடவும் மனமில்லை. இந்த எழுத்து முறை உண்மையில் எவ்வளவு கட்டாயம்?

ஒரு வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைக்கு என் வாழ்த்துகள். உங்கள் மகளுக்கு 'டே' எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் அம்மாவின் கலக்கத்தில் பாதி குறையும்.

பஞ்சாங்கங்களில் நட்சத்திரத்துக்கு நான்காக அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துகள் 'அவகஹட சக்கரம்' என்ற கட்டத்திலிருந்து வருகின்றன. அந்தப் பெயரே அதன் முதல் வரிசைதான்: அ, வ, க, ஹ, ட. இவை ஒவ்வொன்றையும் அ, இ, உ, ஏ, ஓ என்ற ஐந்து உயிர்களோடு சேர்த்தால் இருபத்தைந்து எழுத்துகள் ஆகும். ஏழு நட்சத்திரங்களுக்குப் பாதம் நான்கு வீதம் இருபத்தெட்டு வேண்டும், மூன்று குறைகிறது. அந்த மூன்றை, நடுவில் நிற்கும் திருவாதிரையில் 'கு'வுக்குப் பக்கத்தில் கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். திருவாதிரைக்கு 'ங' என்று போட்டிருப்பதைப் பார்த்து நாம் விழிப்பது அதனால்தான். இதே போல இன்னும் மூன்று வரிசைகள் உண்டு. ஆக மொத்தம் 112 எழுத்துகள், உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவில் முன்பு எண்ணப்பட்ட அபிஜித்தையும் சேர்த்து 28 நட்சத்திரங்கள். எண்ணிக்கை அசுவினியிலிருந்து தொடங்குவதில்லை, பழைய வழக்கப்படி கார்த்திகையிலிருந்து தொடங்குகிறது. கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இப்படியே நகர்ந்து, வரிசையின் கடைசி எழுத்தான 'ட', வரிசையின் கடைசி நட்சத்திரமான ஆயில்யத்தில் வந்து முடிகிறது. அதிலும் முதல் 'ட' பூசத்தின் நான்காம் பாதத்துக்குப் போய்விட, மிஞ்சிய டி, டு, டே, டோ நான்கும் ஆயில்யத்துக்கு விழுந்திருக்கின்றன. ஆயில்யத்தின் குணத்துக்கும் 'டே' என்ற ஒலிக்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்குக் கடைசி இலை கிடைத்தது போலத்தான். பின்னாளில் 27 நட்சத்திரக் கணக்கே வழக்கமாகி அபிஜித் விடுபட்டபோது, அதன் எழுத்துகளை என்ன செய்வதென்று ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. அதனால் திருவோணத்துக்கு ஒரு பஞ்சாங்கம் 'ஜு, ஜே, ஜோ' என்றும் மற்றொன்று 'கி, கு, கே, கோ' என்றும் இன்றுவரை அச்சிடுகின்றன.

இந்தக் கட்டம் வடமொழியின் ஒலிகளுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம். வடமொழியில் நான்கு வகைக் ககரங்கள் உண்டு. அவை மிருகசீரிடம், திருவாதிரை, திருவோணம், அவிட்டம் என்று வெவ்வேறு நட்சத்திரங்களில் நிற்கின்றன. தமிழில் எழுதியதும் நான்கும் ஒரே 'க' ஆகிவிடுகின்றன. உங்கள் மகளின் 'டே'யும் அப்படித்தான்; வன்மையான 'டே' உத்திரம் முதல் பாதத்துக்கும் மென்மையான 'டே' ஆயில்யம் மூன்றாம் பாதத்துக்கும் உரியவை, தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உறவினர் சொன்ன 'தே' இன்னும் வேடிக்கையானது. தேவகியின் 'தே' அந்தக் கட்டத்தில் ரேவதி முதல் பாதத்தின் எழுத்து. தேன்மொழியின் 'தே'யை எழுத்தளவில் விசாகம் மூன்றாம் பாதத்தில் சேர்க்கலாம். சாஸ்திரத்துக்காக ஆயில்யக் குழந்தையை ரேவதியிலோ விசாகத்திலோ கொண்டுபோய் விடுவதை எப்படிப் பரிகாரம் என்று சொல்வது?

டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் தொட்டுச் சொல்லப்படும் விதி. எனவே ஆயில்யத்தின் எந்தப் பாதத்தில் பிறந்தாலும் இந்த முறையில் ஒரு தமிழ்ப் பெயர்கூட வைக்க முடியாது. டேவிட் என்று வேண்டுமானால் வைக்கலாம். அம்மா அதற்கு ஒப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டால், வால்மீகி ராமாயணமே போதும். இராமன் புனர்பூசம், பரதன் பூசம், இலக்குவனும் சத்துருக்கனனும் உங்கள் மகளைப் போலவே ஆயில்யம். பெயர் வைத்தவர் வசிட்டர். அவரைவிடப் பெரிய புரோகிதரை நாம் தேடப்போவதில்லை. இந்தக் கட்டத்தின்படி புனர்பூசத்துக்குக் கே, கோ, ஹ, ஹி. 'ரா' என்பதோ சித்திரைக்குரியது. ஆயில்யத்தில் பிறந்தவனுக்கு வசிட்டர் வைத்த 'லக்ஷ்மணன்' என்ற பெயரின் முதலெழுத்து அசுவினி நான்காம் பாதத்தினுடையது. தமிழில் சொல்லின் முதலில் லகரமும் வராது என்பதால் கம்பர் அதையும் இலக்குவன் என்று மாற்றிக்கொண்டார். அதனால் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நட்சத்திரத்தை ஒட்டிப் பெயரிடும் வழக்கம் பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே முதலெழுத்தைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தின் பெயரையோ அதன் தேவதையின் பெயரையோ வைத்தார்கள். நட்சத்திரப் பெயர்கள் ஆட்பெயராவதற்கு வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி தனி விதிகளே செய்திருக்கிறார். அர்ச்சுனனுக்குப் பல்குனன் என்ற பெயர் உத்தர பல்குனியில், அதாவது நம் உத்திரத்தில், பிறந்ததால் வந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் இந்த வழக்கம் நன்றாக நிலைத்திருந்தது. சங்கீதத்தால் நாமறிந்த சுவாதித் திருநாளுக்குப் பின், 1860 முதல் 1880 வரை ஆண்ட மன்னரின் பெயரே ஆயில்யம் திருநாள்.

ஆயில்யத்தின் தேவதை சர்ப்பங்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில், ஓலைக் கூரை வேய்ந்த அந்தக் கருவறையின் ஈர மண்ணையே பிரசாதமாகத் தருவார்கள். வெளியே மரத்தடி நாகர் சிலைகளுக்கு ஆயில்யத்தன்று பெண்கள் மஞ்சள்பொடி தூவிப் பால் ஊற்றி, அந்த மஞ்சள் பால் கல்லின் படத்திலிருந்து வழிந்து காலடி மண்ணில் ஊறும்வரை நின்று பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆயில்யத்தைப் பெயரில் காட்டத்தான் வேண்டுமென்றால் நாகலட்சுமி, நாகம்மாள் என்ற பெயர்களில் உள்ள பொருத்தத்தின் நூற்றில் ஒரு பங்குகூட 'டே'யில் இல்லை.

பெண்ணின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் சொல்கிறது: எளிதில் உச்சரிக்கத் தக்கதாய், கடுமையற்றதாய், பொருள் விளங்குவதாய், மங்கலமாய், நெட்டெழுத்தில் முடிவதாய் இருக்க வேண்டும். வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய நூலான ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் ஆணுக்கு இரட்டைப்படை அசைகளும் பெண்ணுக்கு ஒற்றைப்படை அசைகளும் வேண்டும் என்கிறது. வடமொழியில் மீ-நா-க்ஷீ மூன்று அசை, ஈற்றில் நெடில். (அதே மனுஸ்மிருதி, நட்சத்திரம், ஆறு, பாம்பு இவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்காதே என்றும் சொல்கிறது. ரேவதிகளையும் காவேரிகளையும் நாகம்மாள்களையும் மணந்துகொண்டு நன்றாக வாழ்ந்த நம் முன்னோர் அதைப் பொருட்படுத்தவில்லை.)

பாதம் பற்றிய குழப்பம் இயல்பானது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாளும் ஒரு பாதத்தைக் கடக்கச் சுமார் ஆறு மணி நேரமும் ஆகும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வெவ்வேறு கணக்குகள் என்பதால், எல்லையை ஒட்டிப் பிறந்த குழந்தைக்குப் பாதம் மாறித்தான் காட்டும். பஞ்சாங்கம் மாறினால் பெயரே மாறிவிடும் என்பது ஒரு மனுஷிக்கு நியாயமில்லை. மாமியார் சமாசாரத்தைப் பற்றி ஒரே வரிதான் சொல்வேன்: அது எதுகை மோனைக்காகப் பிறந்த பேச்சு, அதைக் காரணம் காட்டி நின்றுபோன கல்யாணங்களுக்கு யாரும் பொறுப்பேற்றுக்கொண்டதில்லை.

அம்மாவிடம் வாதாட வேண்டாம்; ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள். கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரையும் கேட்கிறார், நட்சத்திரத்தையும் தனியாகக் கேட்கிறார். பெயரிலேயே நட்சத்திரம் இருந்தாக வேண்டுமென்றால் அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தேவையே இல்லை. அந்தக் கட்டமும் நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் உதவி வந்திருக்கிறது: ஜாதகம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நட்சத்திரம் ஊகித்துப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு ஜாதகம் இருக்கிறது. மேலும், பேரன் என்ற சொல்லே பெயரன், பேத்தி என்பதே பெயர்த்தி. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். அம்மாவுக்கு நன்கு பழகிய முறை அதுதான்.

அவசரமும் இல்லை. பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்திருந்தால், பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் வழியிருக்கிறது. காதில் மூன்று முறை சொல்லும்போது அம்மாவின் திருப்திக்காக நாகலட்சுமி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தட்டில் பரப்பிய நெல்லில் விரலால் எழுதும் பெயர் மீனாட்சியாக இருக்கட்டும். எழுதும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மீ, னா என்று எழுதி மூன்றாம் எழுத்துக்கு வருகையில், மூன்றாம் பாதத்துக் குழந்தைக்கு மூன்றாவதாக 'ட்' வந்து உட்கார்ந்திருப்பதை அவரே கண்டுகொள்வார்.