கோமாளி மீனில் தூள்: வெள்ளைப்புள்ளி நோயா?

தம்பி, மட்டக்களப்புக் கல்லடி வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் இரை எடுக்கவில்லை, மேலெல்லாம் தூள், இது வெள்ளைப்புள்ளி நோயா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைப்புள்ளி உப்புக்கல் போலத் தனித்தனியாகத் தெரியும். மாத்தூள் படிந்த மாதிரி இருந்து, மூச்சும் வேகமாக வாங்கினால் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளிலேயே கொல்லும். இருட்டில் டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பொன்னிறமாக மினுங்கும். சளி சளியாகத் தோல் உரிந்தால் அது வேறு நோய், செம்பு மருந்துக்கு அடங்காது.

வெல்வெட் என்றால் இன்றைக்கே மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றை நன்றாக விடுங்கள். செம்பு மருந்து அங்கே மட்டும்தான், அதுவும் சோதித்து அளந்து. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் போடவே வேண்டாம். அந்தத் தொட்டி 6 கிழமையாவது மீனில்லாமல் இருக்கட்டும். அப்புறம், இது கடல் மீன், தொட்டிக்கு மட்டக்களப்பு வாவித் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாரியில் அதன் உப்பு நன்றாகக் குறைந்துவிடும்.