கார்டுக்கு 2% கூடுதலா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பென்ஷன் கணக்கில் வந்த ரூபே டெபிட் கார்டைத்தான் வைத்திருக்கிறேன். மருந்துக்கடையில் 180 ரூபாய் மாத்திரைக்கு ‘மிஷின் சார்ஜ்’ என்று 5 ரூபாய் சேர்த்துத் தேய்க்கிறார்கள். கேட்டால், "வங்கி பிடிக்குதும்மா" என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வங்கி பிடிக்கவில்லை அம்மா. ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ-க்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கட்டணமே கிடையாது. மிஷினுக்கு வாடகை இருக்கலாம். அது கரண்ட் பில் மாதிரி கடையின் செலவு. அந்த 5 ரூபாய் உங்கள் பணம், தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மளிகைக்கடையில் 200 ரூபாய்க்குக் குறைந்தால் கார்டு வாங்க மாட்டேன் என்கிறார்.

பதில்: ஜிபே பண்ணுங்கள். அதற்கும் காசு கேட்டால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: 60,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு டெபிட் கார்டு நீட்டினேன். 2% சேர்த்து 61,200 எடுத்தார்கள். பில்லில் 60,000 மட்டும்தான் இருக்கிறது. இது சரியா?
– வாசகர், கரூர்

பதில்: சரியே இல்லை. 2018 ஜனவரி முதல் டெபிட் கார்டுக்காகக் கடையிடம் வங்கி பிடிக்கும் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40%, பெரிய கடைக்கு 0.90%. உங்கள் 60,000-க்கு வங்கி அதிகபட்சம் 540 ரூபாய் எடுத்திருக்கும். அதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. கடை வாங்கியது 1,200. மீதி யார் பைக்குப் போனது? கிரெடிட் கார்டுக்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. அதைச் சாக்காக வைத்து எல்லாக் கார்டுக்கும் ஒரே 2% சொல்லிவிடுகிறார்கள்.

பில்லில் ஏறாத இந்தப் பணம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. நான் வாங்கிய மிக்ஸியின் ஜார் முதல் வாரமே கசிந்தது. கடையில் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் பில் தொகையை மட்டும். கார்டுக்கென்று பிடித்ததைக் கேட்டபோது, "அது பில்லுல இல்லையே சார்" என்றார்கள். ஆகவே கூடுதலாகக் கேட்டால், "பில்லில் எழுதித் தாங்க" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

பில், கார்டு சீட்டு இரண்டையும் இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். மிஷின் கொடுத்த வங்கியின் பெயர் பெரும்பாலும் சீட்டின் தலைப்பில் இருக்கும். அந்த வங்கிக்கு எழுதுங்கள். டெபிட் கார்டுக்குக் கூடுதல் பணம் பிடிக்கும் கடைகளின் உறவை வங்கிகள் முறித்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: போன மாதம் ஏதோ ஒரு கடையில் கார்டைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். விலையைவிட 90 ரூபாய் அதிகம் போயிருக்கிறது. பில் வாங்கவில்லை. பணம் திரும்புமா?

பதில்: எந்தக் கடை என்றே தெரியாமல் யார்மீது புகார் கொடுப்பீர்கள்? திரும்புவது கஷ்டம். 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே போய்விடும். தட்டுவதற்கு முன் மிஷின் திரையில் தொகையைப் பாருங்கள்.