அலை அட்டவணையை வீட்டிலேயே வையுங்கள்

கேள்வி: அக்கா, தாணே கழிமுகக் கரையில் இருக்கும் ஐரோலியில் படகேறிப் பூநாரை பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பறவைப் பைத்தியம். பொங்கலுக்குத் தஞ்சாவூரில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். நடுவில் மூன்று நாள் கிடைக்கும். கோடியக்கரை வரை போய்வர வழி சொல்லுங்கள். அங்கே கடல் எத்தனை மணிக்கு ஏறி இறங்கும் என்று எதில் பார்ப்பது?
- வாசகி, முலுண்ட்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது நம் மும்பைக்காரர்களின் கேள்வி. தாணே கழிமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். நேரம் தப்பினால் சேறும் இல்லை, பறவையும் இல்லை. கோடியக்கரைப் பக்கம் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. தெரியாமல் நானும் முதல் தடவை அட்டவணையை பிரிண்ட் எடுத்துப்போய், உப்பளத்து வரப்பில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். கூட வந்த பெரியவர், "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு மழை பெய்தது, எங்கே முழங்கால் அளவு தேங்கி நிற்கிறது, அங்கே அதுதான் கணக்கு.

முதல் நாள் வடுவூர் பறவைகள் சரணாலயம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். மேட்டூர்த் தண்ணீரும் மழையும் நிரப்புகிற ஏரி. அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால் பொங்கல் சமயம் நல்ல சமயம். சித்திரையில் போனால் வெடித்த தரையைப் பார்க்கலாம். சாயங்காலம் நாலரைக்குக் கரையில் இருங்கள், அடைய வரும் கூட்டம் தலைக்கு மேலேயே இறங்கும். நத்தைக்குத்தி நாரையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். நத்தையை அது உடைக்காது. கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து உருவிவிடும். கரையோரம் ஓடு முழுசாகக் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள் திருத்துறைப்பூண்டி வழியாக உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம், அப்புறம் முத்துப்பேட்டை. முத்துப்பேட்டையில் பறவையைவிட அலையாத்திக் காடுதான் அழகு. படகுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நேரம் போதவில்லையென்றால் நான் வெட்டுவது இதைத்தான். ராத்திரி வேதாரண்யத்தில் தங்குங்கள்.

மூன்றாம் நாள் முழுக்கக் கோடியக்கரைக்கு. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நீங்கள் ஐரோலியில் பார்த்தது பெரும்பாலும் சின்னப் பூநாரை, அலகு கருஞ்சிவப்பு. இங்கே வருவது பெரிய பூநாரை. நல்ல உயரம், அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. அது ஒரே இடத்தில் மிதித்து மிதித்துச் சுற்றுவதைப் பொறுமையாகப் பாருங்கள். கலங்கி மேலே வருவதைத் தலைகீழாகக் கவிழ்த்த அலகால் வடிகட்டித் தின்னும். அது நகர்ந்த பிறகு சேற்றில் வட்டமாக ஒரு பள்ளமும் நடுவில் சின்ன மேடும் இருக்கும். உப்பளப் பக்கம் போகுமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் வெளிமான் பார்க்கலாம். காணும் பொங்கலும் தை அமாவாசையும் மட்டும் வேண்டாம். அமாவாசைக்குக் கடலில் முழுக ஊரே வரும்.

கேள்வி: பைனாகுலர் 8x42 வாங்கலாமா, 10x42 வாங்கலாமா?
- வாசகர், தாதர்

பதில்: 8x42. 10 மடங்கு பெரிதாக்கினால் படகில் படம் ஆடும். கொசு உள்ளான் என்கிற குட்டிக் கரைப்பறவை கொசுவாகவே தெரியும்.

கேள்வி: மும்பையின் சிவ்ரிக்கு இரண்டு தடவை போயும் ஒரு பூநாரைகூட இல்லை. எல்லாம் நவி மும்பைக்குப் போய்விட்டனவா?
- வாசகர், மாட்டுங்கா

பதில்: எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே! முலுண்ட் வாசகியிடம் வேண்டாமென்ற அட்டவணை உங்களுக்குத்தான். ஏற்றம் உச்சத்தில் இருந்தால் சேறு மூழ்கி, அவை ஒதுங்கப் போயிருக்கும். உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ போய்விட்டு மறுபடி எழுதுங்கள்.